நைட்ரஸ் பாட்டிலும் உப்புக்காற்றும்

திருவொற்றியூரில் எங்கள் வீட்டிலிருந்து கடலுக்கு நடந்தால் ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஜன்னல் கம்பி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பெயின்ட் கேட்கும். சைக்கிள் செயின் ஒரு மழைக்காலம் தாங்காது. பிறந்ததிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனாலும் காரில், இன்ஜினுக்கு இழுவை கூட்டும் நைட்ரஸ் கேஸை மாட்டியபோது அந்த உப்புக்காற்று ஒரு நிமிடம்கூட நினைவுக்கு வரவில்லை. கார் 2002 மாடல் ஹோண்டா சிட்டி, 1.5 வி-டெக், கம்பெனி கணக்கில் 106 குதிரைத் திறன். அப்பா எண்ணூர் லேலண்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓவர்டைம் பணத்தைச் சேர்த்து வாங்கிய வண்டி அது. எனக்குச் சாவி வந்தபோது, "ஆயில் மட்டும் நேரத்துக்கு மாத்துடா" என்றார், அவ்வளவுதான். நான் ஏர் ஃபில்டரையும் சைலன்சரையும் மாற்றினேன், அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

டர்போ போட விசாரித்தால் மூன்று லட்சத்துக்குக் குறைந்து யாரும் பேசவில்லை. நைட்ரஸ் என்றால் ஐம்பதாயிரத்தில் முடியும் என்று கணக்குப் போட்டேன். விஷயம் சுலபமாகவும் தெரிந்தது. நாம் சுவாசிக்கும் காற்றில் எடைப்படி சுமார் 23 சதவீதம் ஆக்ஸிஜன் இருக்கிறது, நைட்ரஸ் ஆக்ஸைடில் 36 சதவீதம். இன்ஜினுக்குள் சுமார் 300 டிகிரி சூட்டில் அது உடைந்து ஆக்ஸிஜனை விடுகிறது. அதற்கு ஏற்ற பெட்ரோலையும் சேர்த்துக் கொடுத்தால் அந்த நேரத்துக்கு மட்டும் கூடுதல் இழுவை. பட்டனைத் தொடாதவரை அது அப்பாவின் சாது வண்டிதான். இதில் 'அதற்கு ஏற்ற பெட்ரோலையும்' என்ற மூன்று வார்த்தைகளை நான் போதுமான அளவு மரியாதையோடு படிக்கவில்லை. நைட்ரஸ் தானாக எரிவதில்லை. பெட்ரோல் குறைந்தால் மிச்சமாகும் ஆக்ஸிஜனும் சூடும் சேர்ந்து பிஸ்டனைத்தான் தின்னும்.

பெங்களூரில் ஒருவரிடம் பழைய கிட் ஒன்று 48,000 ரூபாய்க்குக் கிடைத்தது. 10 பவுண்டு பாட்டில், மின்சாரத்தில் திறக்கும் வால்வுகளான இரண்டு சோலனாய்டு, பீய்ச்சும் முனையான நாசில், கேஸும் பெட்ரோலும் எவ்வளவு போகும் என்பதை முடிவு செய்யும் துளை கொண்ட ஜெட்டுகள் ஒரு டப்பா. கூடவே பாட்டில் ஹீட்டர் என்று ஒன்று இருந்தது, போர்வை மாதிரி பாட்டிலைச் சுற்றிக் கட்டுவது. அதற்குத் தனியாக 7,500. கிட்டோடு வந்த கையேட்டில், ஹீட்டர் இல்லாமல் நைட்ரஸ் ஓட்டாதே என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தது, வாங்கிவிட்டேன். அந்தக் கையேடு பனி பெய்கிற ஊரில் எழுதப்பட்டது என்று எனக்கு உறைக்க மே மாதம் வரை ஆனது. ஜெட் அளவுக் கணக்கு எல்லாமே பாட்டில் அழுத்தம் 900 முதல் 950 பிஎஸ்ஐ இருக்கும் என்று வைத்துத்தான் போடப்படுகிறது. அந்த அழுத்தம் வர பாட்டில் 30 டிகிரியை ஒட்டி இருந்தால் போதும். அது நம் ஊர்க் கோடையில் விடியற்காலை ஆறு மணிக்கே இருக்கிற சூடு! பாட்டில் குளிர்ந்தால் நைட்ரஸ் குறைவாக வரும், பெட்ரோல் அதிகமாகி வண்டி கறுப்புப் புகை விடும், பெரிய சேதம் இல்லை. பாட்டில் சூடானால் நைட்ரஸ் கூடும், பெட்ரோல் அப்படியே இருக்கும், அதுதான் ஆபத்து. அவர்கள் ஊரில் பயப்பட வேண்டியது குளிருக்கு, நம் ஊரில் வெயிலுக்கு.

அடுத்து கேஸ் நிரப்புவது. கிட் வாங்கும் முன் விசாரித்திருக்க வேண்டியது இதைத்தான். மணலி, அம்பத்தூர் என்று கேஸ் நிரப்பும் இடங்களில் ஏறி இறங்கினேன். எல்லா இடத்திலும் ஒரே பதில். மருத்துவமனைக்குப் போகும் நைட்ரஸ் மருந்துக் கணக்கில் வருவது, உரிமம் உள்ளவர்களுக்குத்தான் கொடுப்பார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் பாட்டில். நம் நாட்டில் எந்த சிலிண்டரை நிரப்பவும் பெசோ எனப்படும் பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் ஒப்புதல் அந்த சிலிண்டருக்கு இருக்க வேண்டும். என்னுடையது அமெரிக்க முத்திரை போட்டது. ஒரு மேனேஜர் அதைத் தட்டிப் பார்த்து, "அழகா இருக்கு சார், ஷோகேஸ்ல வைங்க" என்றார். அப்போது கோபம் வந்தது. இப்போது யோசித்தால் அந்த ஆறு வாரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல அறிவுரை அதுதான். கிட் விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது விலை இல்லை, இந்த பாட்டிலை உங்கள் ஊரில் யார், எந்தச் சீட்டோடு நிரப்பித் தருகிறார்கள் என்பதுதான். பாட்டிலின் தோளில் அடித்திருக்கும் கடைசி சோதனைத் தேதியையும் பாருங்கள். ஐந்து வருடம் தாண்டியிருந்தால் தொடாதீர்கள்.

நான் ஷோகேஸில் வைக்கவில்லை. யாரோ யாரையோ சொல்லி, ஒரு ஷெட்டில் 8,000 ரூபாய்க்கு நிரப்பிக் கொடுத்தார்கள். பெரிய நீல சிலிண்டரைத் தலைகீழாகச் சாய்த்து, ஒரு ஹோஸ் மாட்டி, சத்தம் நிற்கும்வரை விட்டார்கள். தராசு இல்லை. 10 பவுண்டு பாட்டிலில் 4.5 கிலோவுக்கு மேல் ஏறக் கூடாது. மேலே காலி இடம் இருந்தால்தான் திரவம் சூட்டில் விரிய வழி உண்டு. காலி பாட்டிலின் எடையைக் குறித்துக்கொண்டு, நிரப்பிய பின் மறுபடி எடை போட வேண்டும், ஒரு பழைய பேப்பர் கடைக்காரரின் தராசு இருந்தாலே போதும். எனக்கு அது தெரியாது. நிறைய ஊற்றினார்களே என்று சந்தோஷப்பட்டேன்.

மே மாதம், மதியம் ஒன்றரை மணி. வண்டி தெருவில் வெயிலில் நின்றது, நிரப்பிய பாட்டில் டிக்கியில். நான் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தீபாவளி அணுகுண்டு மாதிரி ஒரு சத்தம், தொடர்ந்து பிரஷர் குக்கர் நூறு சேர்ந்து விசில் அடிப்பது போல ஓர் இரைச்சல். ஓடி வந்து பார்த்தால் கார் கண்ணாடி முழுக்க உள்ளே வெள்ளைப் புகை. எதிர் வீட்டு ஆயா, "ஐயோ, வண்டி பத்திக்கிச்சு" என்று கத்துகிறார். பற்றவில்லை. பாட்டில் வால்வில் பாதுகாப்புக்காக ஒரு மெல்லிய தகடு இருக்கும், அழுத்தம் எல்லை மீறினால் பாட்டில் வெடிப்பதற்குப் பதில் அந்தத் தகடு கிழியும். அது தன் வேலையைச் செய்தது. நான்தான் என் வேலையைச் செய்யவில்லை. அந்தத் தகடு கிழிந்தால் கேஸ் வெளியே போக டிக்கியிலிருந்து வண்டிக்கு அடியில் ஒரு குழாய் இறக்க வேண்டும். எனக்கு அந்தக் குழாய் தேவையில்லாத அலங்காரமாகத் தெரிந்தது. நான்கு கிலோவுக்கு மேல் கேஸ் மூடிய காருக்குள் இறங்கியது. அன்று காலை என் அக்கா பையன் அதே காரின் பின் சீட்டில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கேஸ் மூச்சுக்காற்றை வெளியே தள்ளிவிடும், ஆள் மயங்குவதற்கு அதிக நேரம் ஆகாது. இதை எழுதும்போதும் கை கொஞ்சம் நடுங்குகிறது. வீட்டில், ஏசி கேஸ் லீக் என்று பொய் சொன்னேன். அப்பா ஒன்றும் கேட்கவில்லை, டிக்கியை மட்டும் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

இவ்வளவு நடந்தும் நிறுத்தவில்லை என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பணம் போட்டாகிவிட்டது என்ற எண்ணம் பொல்லாதது. புதுத் தகடு போட்டு, வெளியேறும் குழாய் இறக்கி, பெங்களூரில் தராசு வைத்து நிரப்பும் ஒரு ரேஸ் ஷெட்டுக்குக் காரிலேயே போய் வந்தேன். ரயிலில் கேஸ் சிலிண்டர் ஏற்றக் கூடாது. மறுபடி 8,000, ஒரு முழு நாள். வழி முழுக்க ஜன்னலை இறக்கிவிட்டு ஓட்டினேன்.

மாட்டுவதை கொருக்குப்பேட்டையில் பழக்கமான ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். பாட்டிலைப் பார்த்துவிட்டு அவர், "இன்னாபா, ஆஸ்பத்திரில மயக்கம் குடுக்கிற கேஸை வண்டிக்குக் குடுக்கப் போறியா? வண்டி சொம்மா சூப்பரா கீது, ஏன் கண்ணு அத்த கெடுக்கிற?" என்றார். இடம் மட்டும் தருகிறேன், நீயே மாட்டிக்கொள் என்றார். மாட்டுவது உண்மையில் பெரிய வேலை இல்லை. பாட்டிலுக்குள் இருக்கும் குழாய் அடியிலிருந்துதான் திரவத்தை உறிஞ்சும், அதனால் வால்வு வண்டியின் முன்பக்கம் பார்க்க, முன்புறம் கொஞ்சம் உயர்த்திச் சாய்வாகப் படுக்க வைக்க வேண்டும். நாசில், இன்ஜினுக்குக் காற்றைத் திறந்துவிடும் த்ராட்டில் பாடிக்கு ஒரு ஜாண் முன்னால். அதற்குள் நைட்ரஸும் பெட்ரோலும் தனித்தனி ஜெட் வழியாக வந்து கலந்து பீய்ச்சும். ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்தால் மட்டும் வேலை செய்யும் ஸ்விட்ச் ஒன்று. இதற்கு மேல் இன்ஜின் சுற்று 3,200-க்கும் 6,200-க்கும் நடுவே இருந்தால் மட்டும் திறக்கும் ஸ்விட்ச் ஒன்று, இதை யார் வேண்டாம் என்று சொன்னாலும் விட்டுவிடாதீர்கள். நைட்ரஸ் நொடிக்கு இவ்வளவு என்று ஒரே அளவில்தான் வரும், இன்ஜின் மெதுவாகச் சுற்றினாலும் வேகமாகச் சுற்றினாலும் மாறாது. 2,000 சுற்றில் திறந்தால் ஒவ்வொரு வெடிப்புக்கும் 4,000 சுற்றில் விழுவதைப் போல இரண்டு பங்கு விழும். கனெக்டிங் ராடு வளைவதும், பெட்ரோல், இன்ஜினுக்குள் காற்று போகும் மேனிஃபோல்டில் தேங்கி அது வெடித்துச் சிதறுவதும் அப்படித்தான்.

டியூனிங் என்று பெரிதாகச் சொல்கிறார்கள், இந்த அளவுக்குச் செய்ய வேண்டியது மூன்று நான்கு விஷயம்தான். நைட்ரஸ் போட்டால் கலவை வேகமாக எரியும், அதனால் பிளக் பொறி விடும் நேரமான டைமிங்கைப் பின்னுக்குத் தள்ள வேண்டும், 50 குதிரைக்கு 2 டிகிரி என்பது பொதுவான கணக்கு. இந்த வண்டியில் டிஸ்ட்ரிபியூட்டர் இருப்பதால் டைமிங் லைட் வைத்துத் திருப்பினாலே போதும். பிளக் ஒரு படி குளிர்ந்தது, அதாவது சூட்டைச் சீக்கிரம் இறக்கிவிடுவது போட வேண்டும். என்ஜிகே பிளக்கில் எண் கூடினால் குளிர்ந்தது, சில கம்பெனிகளில் நேர்மாறாக இருக்கும், கடையில் குழம்பாதீர்கள். பிளக் இடைவெளியை 1.1 மில்லியிலிருந்து 0.8-க்குக் குறைத்தேன். அப்புறம் பெட்ரோல். ஜெட் கணக்குகள் எத்தனால் கலக்காத பெட்ரோலுக்குப் போட்டவை. இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது. அதே காற்றுக்கு அதில் சுமார் 8 சதவீதம் அதிகம் ஊற்ற வேண்டும். அதனால் பெட்ரோல் ஜெட்டை மட்டும் ஒரு அளவு பெரிதாக வைத்தேன், பங்கில் 95 ஆக்டேன் போட்டேன். இருபது வருடப் பழைய பெட்ரோல் பம்பையும் மாற்றினேன். இதுவரை எல்லாம் சரியாகச் செய்தேன் என்றே இன்றும் நினைக்கிறேன். பிளக், ஒயரிங், ரிலே எல்லாம் சேர்த்து ஆறாயிரம் ஆனது. கலவையில் பெட்ரோல் கூடுதலா குறைவா என்று காட்டும் வைட்பேண்ட் மீட்டர் 18,000 ரூபாய் என்றதும், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன்.

ரோட்டில் ஓட்டவில்லை. நல்லவன் என்பதால் இல்லை. எண்ணூர் விரைவுச் சாலை என்று பெயர்தான், துறைமுகத்துக்கு நிற்கிற டிரெய்லர் வரிசையில் மூன்றாவது கியரே கனவு. மணலிப் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் கன்டெய்னர் யார்டு ஞாயிறு காலை காலியாக இருக்கும், நேராக ஓடினால் 300 மீட்டருக்குக் குறையாது. ஆகஸ்டில் ஒரு ஞாயிறு. காலை வெயிலிலேயே டிக்கி கொதித்துக் கிடந்ததில் அழுத்த மீட்டர் 1,100-ஐக் காட்டியது. நைட்ரஸுக்கு 36.4 டிகிரிக்கு மேல் திரவ நிலையே கிடையாது, அதற்கப்புறம் ஜெட் கணக்கு எதுவும் செல்லாது. காசிமேட்டில் மீனுக்கு நொறுக்கும் ஐஸை ஒரு கூடை வாங்கி, சாக்கில் சுற்றிப் பாட்டில்மேல் போட்டேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து, 930-க்கு வந்ததும் எடுத்துவிட்டேன். காரில் இரண்டு நாள் மீன் வாடை. ஆனால் 7,500 ரூபாய் ஹீட்டர் செய்யாத வேலையை அறுபது ரூபாய் ஐஸ் செய்தது.

35 குதிரைத் திறன் கூட்டும் ஜெட். இரண்டாவது கியரில் முழுதாக மிதித்தேன், 3,200-ஐத் தாண்டியதும் யாரோ பின்னாலிருந்து வண்டியைத் தூக்கி எறிந்த மாதிரி இருந்தது. பயமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. நான்கு ஓட்டம், ஒவ்வொன்றுக்கும் பிளக்கைக் கழற்றிப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். பீங்கான் சுத்தமாக, கரும்புள்ளியோ வெள்ளிப் பொடியோ இல்லாமல் இருந்தது. வெள்ளிப் பொடி தெரிந்தால் அது பிஸ்டனின் அலுமினியம் உருகத் தொடங்கியிருக்கிறது என்று அர்த்தம், உடனே நிறுத்த வேண்டும். அன்று வீட்டுக்கு வந்ததும் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்வதற்கு ஆள் இல்லை. பொய் சொல்லிச் செய்கிற காரியத்தில் சந்தோஷத்தைக்கூடத் தனியாகத்தான் தின்ன வேண்டியிருக்கிறது.

அப்புறம் வேலை, பிறகு மழைக்காலம். அக்டோபர், நவம்பர் முழுக்க வண்டி தெருவில் நனைந்து நின்றது. டிசம்பர் கடைசி ஞாயிறு மறுபடி யார்டு. ஜெட்டை 50-க்கு மாற்றியிருந்தேன். விடியற்காலை 23 டிகிரி, அழுத்தம் 800-ஐ ஒட்டி. ஆகா, ஹீட்டருக்கு ஒரு நாள் வந்தது என்று எடுத்துக் கட்டினேன். 930 வந்தது. ஓட ஆரம்பித்து மூன்றாவது கியரில் இரண்டு நொடி. இழுவை இருந்தது, ஆனால் கல்லை டப்பாவில் போட்டுக் குலுக்குவது போலச் சத்தம். காலை எடுப்பதற்குள் 'டப்' என்று ஒரு சத்தம், பின் கண்ணாடியில் நீலப் புகை. மூன்றாவது சிலிண்டரின் பிளக்கைக் கழற்றினால் முனையே இல்லை, கரைந்துபோயிருந்தது. கம்ப்ரஷன் மீட்டர் வைத்தால் முள் அசையவில்லை. ரெக்கவரி வேனில் வைத்து மணலியிலிருந்து திருவொற்றியூர் வர 3,500 ரூபாய். வேன் எங்கள் தெருவில் திரும்பும்போது அப்பா வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இந்த முறை பொய் எதுவும் ஓடவில்லை. டிக்கியைத் திறந்து காட்டிவிட்டேன்.

அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வீட்டுக்குள் போய்ப் பழைய டெஸ்ட் லேம்பை எடுத்து வந்தார். சாவியைப் போடு, ஸ்விட்சைப் போடு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பாட்டிலை மூடச் சொல்லி, த்ராட்டில் ஸ்விட்சையும் சுற்று ஸ்விட்சையும் நேராக இணைத்துப் பார்த்தார். நைட்ரஸ் சோலனாய்டு 'டிக்' என்றது. பெட்ரோல் சோலனாய்டு வாயைத் திறக்கவில்லை. "எர்த் எங்கடா குடுத்திருக்க?" என்றார். நைட்ரஸுக்கு பேட்டரி நெகட்டிவிலிருந்து நேராகக் கொடுத்திருந்தேன். பெட்ரோலுக்கு ஒயர் எட்டவில்லை என்று ஃபெண்டர் பக்கம் இருந்த ஒரு போல்ட்டில் முறுக்கியிருந்தேன். அதைக் கழற்றினால் வாஷருக்கு அடியில் பச்சையும் சிவப்புமாகத் துரு, பொடியாக உதிர்ந்தது. இரண்டு மாத மழை, கடல் காற்று. ஆகஸ்டில் அது வேலை செய்தது, டிசம்பரில் இல்லை. நைட்ரஸ் மட்டும் தனியாக உள்ளே போயிருக்கிறது. "ரெண்டுக்கும் ஒரே எர்த் குடுத்திருந்தா, வந்தா ரெண்டும் வந்திருக்கும், செத்தா ரெண்டும் செத்திருக்கும். லைன்ல வேலைக்குச் சேர்ந்த பையனுக்கு முதல் வாரம் சொல்ற பாடம் இது" என்றார். அவரிடம் முதலிலேயே கேட்டிருந்தால் பத்து நிமிட வேலை. கடலோரத்தில் இருப்பவர்கள் எந்த எர்த்தையும் பாடியில் முறுக்காதீர்கள். முனையை ஈயம் வைத்து, கிரீஸ் தடவி, பேட்டரிக்கே கொண்டுபோங்கள். ஒவ்வொரு முறை பாட்டிலைத் திறக்கும் முன்னும் இரண்டு சோலனாய்டும் 'டிக்' சொல்கிறதா என்று காது வைத்துக் கேளுங்கள்.

நான்கு பிஸ்டன், ரிங், போர் வேலை, ஹெட் லேத் வேலை, கேஸ்கெட், கூலி எல்லாம் 86,000 ஆனது. புதுப்பேட்டையில் பழைய இன்ஜின் இதைவிட மலிவாகக் கிடைத்திருக்கும், அப்பா இந்த இன்ஜின்தான் வேண்டும் என்றார். வைட்பேண்டும் அப்போதுதான் வாங்கினேன். அதைப் பார்த்துக்கொண்டே ஓட்ட முடியாது, இரண்டு நொடியில் எல்லாம் முடிந்துவிடும். எத்தனால் பெட்ரோலில் பழைய காற்று-எரிபொருள் எண்கள் குழப்பும், லாம்டாவிலேயே பாருங்கள் (எந்தப் பெட்ரோலானாலும் சரியான கலவைக்கு 1, பெட்ரோல் கூடினால் அதற்குக் கீழே), 0.80-ஐ ஒட்டி வைத்திருக்கிறேன். லாம்டா எல்லை தாண்டினால் நைட்ரஸ் ரிலேயைத் தானாக வெட்டும்படி இணைத்திருக்கிறேன். பெட்ரோல் அழுத்தம் குறைந்தால் வெட்டும் ஸ்விட்ச் வேறு. கிட், ஹீட்டர், கேஸ், மீட்டர், ஒயரிங், இன்ஜின், வேன் எல்லாம் கூட்டினால் 1,85,000. டர்போ மூன்று லட்சம் என்று சிரித்தவன் நான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆர்.சி.யில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி தவறு. 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோகூட வரலாம். இன்சூரன்ஸ்காரருக்குச் சொல்லாமல் மாற்றினால் கிளெய்ம் கேட்கும் நாளில் அது தெரியவரும். அதனால் ரோட்டுக்கு வரும்போது என் வண்டியில் பாட்டில் இருப்பதில்லை, லைனும் ஒயரும் கழற்றி ஒரு டப்பாவில் இருக்கிறது. பாட்டிலை அப்பா மாடிப்படிக்கு அடியில், வெயில் படாத இடத்தில் சங்கிலி போட்டு வைத்திருக்கிறார், சாவி அவரிடம். பிப்ரவரியில் யார்டுக்கு அவரும் வந்தார். 35 ஜெட்டில் ஒரே ஓட்டம். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தவர் இறங்கியதும் முதலில் பிளக்கைக் கழற்றச் சொன்னார், பிறகுதான் சிரித்தார்.

ஹீட்டர் இன்னும் வீட்டில் கிடக்கிறது. கேட்டு வந்த இரண்டு பேரும் ஒருவர் ராயபுரம், ஒருவர் வியாசர்பாடி, வேண்டாம் என்று நானே திருப்பி அனுப்பிவிட்டேன். ஊட்டியிலிருந்து யாராவது வந்தால் பாதி விலைக்குத் தருகிறேன்.